கஞ்சித் தொட்டி முதல் மெடிக்கல் போர்டு வரை: விண்ணப்பித்த பிறகு கேட்கப்படும் மூன்று கேள்விகள்

வண்ணாரப்பேட்டையில் நாங்கள் மனு எழுதிக் கொடுக்கும் மேசைக்கு இரண்டு வகையானவர்கள் வருகிறார்கள். மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு வருகிறவர்கள் ஒரு வகை. விண்ணப்பித்துவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினருக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

அப்படி வந்த அண்ணன் ஒருவர், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டியவர். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. "ஆதார் குட்த்தேன், ரேசன் கார்டு குட்த்தேன், போட்டோ குட்த்தேன். இனிமே இன்னா ஆவும்பா?" என்றார்.

அடுத்த சில மாதங்களில் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. மருத்துவக் குழு, எத்தனை சதவீதம் என்று அளந்து பார்த்தது. விசாரணைக்கு வந்தவர், "இடது கையால ஏதாச்சும் வேலை பார்க்கலாமே?" என்றார். வேறொரு மேசையில், "பையன் சம்பாதிக்கிறான்ல, அப்புறம் எதுக்கு?" என்றார்கள். மூன்றாவது கேள்விக்குப் பிறகு எங்களிடம் திரும்பி வந்து அவர் கேட்டது இதுதான்: "கை போனத நானே போற எடமெல்லாம் சொல்லிக்கினே இருக்கணுமா?"

களப்பணிக்கு வரும் மாணவத் தோழர்கள் பலர், இந்தக் கேள்விகளைத் தனிப்பட்ட அலுவலர்களின் மனநிலையாகப் பார்க்கிறார்கள். நல்ல அலுவலர் கிடைத்தால் பணம் வரும், கெட்டவர் கிடைத்தால் வராது என்று நினைக்கிறார்கள். அந்த அலுவலர் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்த காலம் உண்டு, ஒரு தேவை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் நாம் பதில் சொல்லும் விதம் மாறும்.

முதல் கேள்வி: உன்னால் வேலை செய்ய முடியாதா?

இந்தக் கேள்வியின் கதை நம் பேட்டையின் ஓரத்திலேயே தொடங்குகிறது. பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. போரில் கிராமங்கள் அழிந்து, பஞ்சத்தில் சிக்கியவர்கள் மதராசுக்கு ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது 'மோனேகர் சவுல்ட்ரி' ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஏழைகளுக்காக அதையொட்டி மருத்துவமனை தொடங்கினார். 1933இல் அங்கே மருத்துவப் பள்ளி வந்தபோது ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938இல் அது கல்லூரியானது.

கஞ்சி ஊற்றுவது தர்மம். தர்மத்தில் வாங்குபவருக்கு உரிமை கிடையாது. யாருக்கு ஊற்றலாம் என்று ஊற்றுகிறவர் முடிவு செய்வார். இந்த முடிவு அரசாங்கத்தின் எழுதப்பட்ட முறையாக மாறியது ஒரு நூற்றாண்டு கழித்து, 1876-78 தாது வருடப் பஞ்சத்தில். செலவைக் குறைக்கக் கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877 ஜனவரியில் குறைத்தார். மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவில் உழைக்கும் உடல் பிழைக்காது என்று எதிர்த்தார்.

உடலில் வலு உள்ளவர் மண் வெட்டப் போக வேண்டும். முடியாதவருக்கு மட்டுமே இலவச நிவாரணம். யார் முடிந்தவர், யார் முடியாதவர் என்பதை அதிகாரி பார்த்துத் தரம் பிரிப்பார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இப்படிப் பஞ்சக் கூலிகளைக் கொண்டு வெட்டப்பட்டதுதான். 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை கொடுத்தது, 1883இல் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. அந்த வரிசைகளில் முதலில் வந்து நின்றவர்கள் நிலமற்ற கூலிகள், சேரி மக்கள். களத்தில் விளைச்சல் இல்லை என்றால் அன்றைக்கே அடுப்பு அணைகிற வீடுகள் அவர்களுடையவை.

ஏழை பொய் சொல்லி இலவசமாக வாங்கிவிடுவான் என்ற சந்தேகத்தில் பிறந்த கேள்வி இது. "இடது கையால வேலை பார்க்கலாமே" என்று விசாரணைக்கு வருகிறவர் கேட்கும்போது 1877இன் குரல்தான் கேட்கிறது. கொடுக்கப்படும் பொருள் கஞ்சியிலிருந்து பணமானாலும் சந்தேகம் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது கேள்வி: எத்தனை சதவீதம்?

இது தொழிற்சாலையில் பிறந்த கேள்வி. 1884இல் ஜெர்மனியிலும் 1897இல் பிரிட்டனிலும் வேலையில் காயப்பட்டவருக்கு இழப்பீடு தரும் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதற்குள் பெரம்பூரில் ரயில்வே பணிமனையும் பி அண்ட் சி ஆலையும் இருந்தன, துறைமுகம் இருந்தது, 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கமும் இருந்தது.

அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஓர் அட்டவணை உண்டு. முழங்கைக்கு மேல் வலது கை போனால் 70 சதவீதம், இடது கை போனால் 60. ஒரு கண் போனால் 30. கட்டை விரல் 25, ஆள்காட்டி விரல் 10, மற்ற விரல் ஒவ்வொன்றும் 5. பிற்காலத் திருத்தங்களில் எண்கள் உயர்ந்தன. உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை போடும் முறை மாறவில்லை.

இந்த அட்டவணை ஒரு வெற்றியும்தான். அதற்கு முன்பு, கவனக்குறைவு உன்னுடையது என்று சொல்லி முதலாளி கையை விரித்துவிட முடியும். அட்டவணை வந்த பிறகு, வேலையில் நடந்த விபத்துக்கு அவர் கணக்குத் தீர்த்தாக வேண்டும். ஆனால் தன் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிவது முதலாளிக்கும் வசதியாக இருந்தது.

1923இன் சதவீதம் சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போனது என்பதைச் சொன்னது. 1995இல் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் பெரிய சட்டம் வந்தபோது, 40 சதவீதக் குறைபாடு என்ற எல்லைக்கோடு வந்தது. இந்தச் சதவீதம் உடலில் எவ்வளவு போனது என்பதை மட்டும் சொல்கிறது. 2018இலும் 2024இலும் ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் மூட்டின் அசைவு, தசையின் வலு, பார்வையின் தூரம் ஆகியவற்றை அளக்கச் சொல்கின்றன. அந்த உடல் என்ன வேலை செய்து பிழைத்தது என்று சதவீதம் கேட்பதில்லை.

உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியை எப்போதோ கண்டுகொண்டது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், அவரால் இனித் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்று 1976இல் பதிவான தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற சாலை விபத்து வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஒரே காயம் எழுத்தருக்கு வேலையைப் பறிக்காமல் இருக்கலாம், ஓட்டுநருக்கும் தச்சருக்கும் மொத்தப் பிழைப்பையும் பறிக்கலாம். இழப்பீட்டு வழக்குகளில் இது நடைமுறை. ஓய்வூதிய மேசையில் இன்னும் உடலின் எண் மட்டும்தான்.

நம் அண்ணனின் எண் 40ஐத் தொடவில்லை. மேசை வேலை பார்ப்பவருக்கு அந்த எண் ஒருவேளை நியாயமாக இருக்கலாம். பிரஸ் ஓட்டியவருக்கு அது பிழைப்பே போனதற்குச் சமம்.

மூன்றாவது கேள்வி: உனக்கு யாருமில்லையா?

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் வந்தது. அதனால்தான் இன்றைக்கும் எந்த ஓய்வூதியத்தையும் நம் தெருவில் 'ஓ.ஏ.பி. பணம்' என்றே சொல்கிறார்கள். 1974இல் மாற்றுத்திறனாளிகளுக்கும், 1975இல் கணவரை இழந்த பெண்களுக்கும் வந்தது. இவற்றின் பெயர்களில் ஒரு சொல் பொதுவாக ஒட்டிக்கொண்டிருந்தது: 'ஆதரவற்ற'. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர், ஆதரவற்ற விதவை. ஊனமுற்றிருப்பது மட்டும் போதாது, கைவிடப்பட்டும் இருக்க வேண்டும். குடும்பம் இருந்தால் அரசுக்குப் பொறுப்பில்லை என்பதே இதன் உட்பொருள்.

இதன் வேர் அரசியலமைப்பில் இருக்கிறது. தலித் இயக்க மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'டிஸபிலிட்டி' என்ற ஆங்கிலச் சொல் நம் வரலாற்றில் முதலில் உடலைக் குறித்து வரவில்லை. 1938இல் மதராஸ் சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்து நிறைவேறிய சட்டத்தின் பெயர் 'சிவில் டிஸபிலிட்டிகள் ஒழிப்புச் சட்டம்'. கிணறு, சாலை, சத்திரம், பொது இடங்கள் ஆகியவற்றில் தீண்டத்தகாதவர் என்று தடுக்கப்பட்ட நிலையைத்தான் அந்தச் சொல் குறித்தது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கும்போதும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறது: தீண்டாமையிலிருந்து எழும் எந்த டிஸபிலிட்டியையும் ஒருவர்மீது சுமத்துவது குற்றம்.

அதே அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் அரசின் உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. சாதி சுமத்திய இயலாமை அடிப்படை உரிமைகள் பகுதியில் இருக்கிறது, நீதிமன்றத்துக்குப் போகலாம். உடலின் இயலாமை வழிகாட்டு நெறிகள் பகுதியில் இருக்கிறது, அதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. அதோடு அரசின் 'பொருளாதார வலிமையின் எல்லைக்குள்' என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். சமூகப் பாதுகாப்பைப் பேசும் இடத்தில் அதே நிபந்தனை திரும்ப வருகிறது.

யாரும் கேட்காத கேள்வி

மூன்று கேள்விகளும் விண்ணப்பித்தவரின் உடலையும் வீட்டையும் பார்த்துக் கேட்கப்படுபவை. 'உன்னை இப்படி ஆக்கிய வேலை எது, அந்த வேலைக்கு உன்னை அனுப்பியது எது' என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.21 சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரில் இது 2.45 சதவீதம். காரணம் என்ன என்று கணக்கெடுப்பு சொல்வதில்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்தால் சில காரணங்கள் கண்ணில் படும். மூட்டை சுமந்து தேய்ந்த முதுகு, அமிலத்தில் வெந்த கண், பாதுகாப்புக் கருவி இல்லாத பிரஸ், மூடி திறந்த சாக்கடை. இவற்றுக்குள் யார் இறங்குகிறார்கள் என்பதைச் சாதி பெருமளவுக்கு முடிவு செய்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் சட்டங்கள் இல்லாமலும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின் 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி, சாதி வன்முறையில் 100 சதவீதம் ஊனமானவருக்கு 8.25 லட்சம் ரூபாய் நிவாரணம். 50 முதல் 100 வரை 4.5 லட்சம், 50க்குக் கீழ் 2.5 லட்சம். 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாக்கடைப் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம், நிரந்தரமாக முடங்கிப் பிழைப்பிழந்தவருக்கு 20 லட்சத்துக்குக் குறையாமல், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. ஆகவே யாராவது நம்மிடம் வந்தால், ஓய்வூதிய மனு எழுதுவதற்கு முன்பு 'எப்படி ஆனது' என்று கேட்க வேண்டும். வேலையில் நடந்ததா, வன்முறையில் நடந்ததா, சாலையில் நடந்ததா? அந்தப் பதிலைப் பொறுத்து மாதம் 1,500 ரூபாய்க்கு அப்பால் வேறொரு பெரிய கதவும் திறக்கலாம். அந்தக் கதவுகளுக்குக் காலக்கெடு உண்டு. தள்ளிப்போட்டால் மூடிவிடும்.

விண்ணப்பித்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம்?

*சான்றிதழும் அட்டையும்.* 2021 ஜூன் முதல் ஊனச் சான்றிதழும் யூ.டி.ஐ.டி. அட்டையும் இணையவழி விண்ணப்பத்தில்தான். 2017 விதிகள் சான்றிதழ் தர ஒரு மாதம் கெடு வைத்தன. 2024 அக்டோபர் திருத்தம் அதை மூன்று மாதமாக்கியது. இரண்டு ஆண்டுக்குள் முடிவாகாத விண்ணப்பம் செயலிழந்துவிடும் என்றும் அது சொல்கிறது. எனவே விண்ணப்ப எண்ணையும் தேதியையும் முதல் நாளே எழுதி வையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "கெடைக்காதுன்னு சொல்லிட்டாங்க" என்று யாராவது வந்தால், அதை எழுதி வாங்கச் சொல்லுங்கள். எண் குறைவாக வந்தால் 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி மேல்முறையீடு உண்டு. சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும்.

*ஓய்வூதிய விசாரணை.* இ-சேவை மையத்தில் போட்ட மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். அன்றைக்கு வீட்டில் யாராவது இருக்க வேண்டும், முகவரி ரேசன் அட்டையோடு பொருந்த வேண்டும். மனுக்கள் தேங்கி நிற்பது பெரும்பாலும் இங்கேதான். நகராவிட்டால் சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் மனு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 'என் மனு இன்ன தேதியில் யார் மேசையில் இருந்தது' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தக் கேள்வியே பல கோப்புகளை நகர்த்திவிடுகிறது.

*எந்தத் திட்டம்?* வருவாய்த் துறையின் ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவித்தொகை வேறு. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு உள்ளவர்களுக்கு இரண்டாவது பொருந்தலாம். தொகையும் கூடுதல். ஒருவர் இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. மனு போடும் முன்பே இதைப் பாருங்கள். ஒன்றிய அரசின் ஓய்வூதியப் பங்கு 300 ரூபாய்தான், அதுவும் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்.

*வழக்கறிஞர்.* பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது.

*தொகை.* 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கான உதவி மற்றவர்களுக்கான அதே வகை உதவியைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது. அதில் 25 சதவீதம் 300. கூட்டினால் 1,500. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்தே மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500தான். சட்டம் தரையாக வைத்த எண்ணையே அரசு கூரையாக்கிக்கொண்டது. பக்கத்தில் ஆந்திரத்தில் 2024இல் இந்தத் தொகை 3,000இலிருந்து 6,000 ஆனது. பொருளாதார வலிமையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதும் அரசியல் முடிவுதான். ஆந்திரத்துக்கு இணையாகத் தொகை கேட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் சென்னைத் தெருக்களில் மறியல் செய்து கைதாகும்போது, நம் இயக்கங்களின் கொடி அங்கே எத்தனை முறை பறந்திருக்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம்முடைய கூட்டங்கள் மாடிப்படி ஏறித்தான் போக வேண்டிய அரங்குகளில் நடப்பதையும் சேர்த்து.

கஞ்சியில் தொடங்கியது இன்று சட்டப்பிரிவாகியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைத்தவர்கள் ஆலைத் தொழிலாளர்கள், 1938இல் சட்டமன்றத்தில் நின்றவர்கள், 1995க்கும் 2016க்கும் போராடிய மாற்றுத்திறனாளிகள். காத்திருக்கும் ஒவ்வொருவரையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், அவர் கைநீட்டி நிற்பவராகத் தெரியமாட்டார். தனக்குச் சேர வேண்டியது ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவராகத் தெரிவார்.

அண்ணனுக்காக நாங்கள் இரண்டு மனுக்கள் எழுதினோம். ஒன்று சதவீதத்தை எதிர்த்து மேல்முறையீடு, இன்னொன்று பட்டறை விபத்துக்கு இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் துறைக்கு. இரண்டும் இன்னும் முடியவில்லை. போன வாரம் வந்தவர் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் நோட்டு. இடது கையால் கோணலாக எழுதியிருந்தார்: போன தேதி, பார்த்த மேசை, சொன்ன பதில். கடைசி வரியில் அடுத்த முறை அவர்களிடம் தான் கேட்க வேண்டிய கேள்வியை எழுதி வைத்திருந்தார்.